வேலையோடு போவதா, போய்த் தேடுவதா?

வெளிநாடு போகும் முன்பே வேலை வாங்கிவிடுவதா, அங்கே போய்த் தேடுவதா? முதலில் விசாவைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

விசா
வேலையோடு: பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு, அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் (உங்களை வேலைக்கு எடுக்கிறோம் என்ற உறுதி) கட்டாயம்.
போய்த் தேட: ஜெர்மனி 2024 ஜூனில் கொண்டுவந்த, வேலை தேடுவோருக்கான வாய்ப்பு அட்டையில் (Opportunity Card) ஓராண்டு வரை தங்கித் தேடலாம். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் 189 விசாவுக்கு (திறமைக்குத் தரும் நிரந்தர விசா) வேலைக் கடிதமே வேண்டாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு போய் இறங்கலாம்.

செலவு
வேலையோடு: முதல் மாதமே சம்பளம்.
போய்த் தேட: வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேமிப்பிலிருந்து. ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

தேடல்
வேலையோடு: விசா எடுக்கும் சுமை தங்கள் தலையில் விழும் என்றே பல நிறுவனங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களை ஒதுக்கிவிடும். பொறுமை வேண்டும்.
போய்த் தேட: நேரில் போய்ப் பார்க்கலாம், நிரந்தர உரிமை இருந்தால் நாளைக்கே சேரலாம். ஆனால் பணம் கரையக் கரைய, தகுதிக்குக் கீழான வேலைக்கும் தலையாட்ட நேரும்.

சுதந்திரம்
வேலையோடு: வேலை போனால் விசாவும் ஆடும். பிரிட்டனில் பொதுவாக 60 நாள்தான் அவகாசம்.
போய்த் தேட: நிரந்தர உரிமை இருந்தால் இந்தப் பயம் இல்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நேர்காணலே இல்லாமல் வேலைக் கடிதம் தந்து பணம் கேட்பவரை நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கவும் வேண்டாம்.

குடும்பமும் கடனும் இருப்பவர்கள் வேலையோடு போங்கள். தனி ஆள், சேமிப்பு உண்டு, அந்த நாட்டு மொழியும் தெரியும் என்றால் போய்த் தேடலாம்.