நோகுன்-ரி அமைதிப் பூங்கா: முதலில் பாலத்துக்குப் போங்கள்

1950 கொரியப் போரில், ஒரு ரயில் பாலத்தின் அடியில் ஒளிந்திருந்த அகதிகளை அமெரிக்கப் படை சுட்டுக் கொன்ற தென் கொரியக் கிராமம் நோகுன்-ரி. அங்கே இது எனக்கு இரண்டாவது முறை. முதல் முறை போனதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. போன வருடம் தேஜோனில் இருந்து ஒரு நாள் பஸ் டூரில் போனோம். யோங்டோங் பக்கம் திராட்சையும் ஒயினும் பிரபலம், டூரே அதற்காகத்தான். வழியில் இந்தப் பூங்காவில் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினார்கள். நினைவுத்தூண் முன்னால் எல்லோரும் போட்டோ எடுத்தோம், பஸ் ஏறிவிட்டோம். சாலைக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பாலம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. டூர் நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த இடத்தை இப்படிக் காட்டுவதை விட, பஸ்ஸை நிறுத்தாமலே போயிருக்கலாம். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் எங்கே போய்விட்டு வந்திருக்கிறோம் என்பதே தெரிந்தது. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

இந்த ஜூலையில் கோவில்பட்டியில் இருந்து அம்மா வந்திருந்தார். "நீ சொன்ன அந்தப் பாலத்தைப் பார்க்கணும்" என்று அவராகவே கேட்டார். தேஜோன் ஸ்டேஷனில் முகுங்ஹ்வா ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஹ்வாங்கான். சின்ன ஸ்டேஷன். முற்றத்தில் ஊறுகாய், சோயா விழுது போட்டு வைக்கிற பெரிய மண்ஜாடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் ஊறுகாய்ச் சாடி மாதிரியே இருக்கிறது என்று அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அங்கிருந்து டாக்ஸியில் சில நிமிடம்தான். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். குலை குலையாக வெள்ளைக் காகிதப் பை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பூங்கா வாசலில் இறங்கியதும் உள்ளே போகாதீர்கள். முதலில் பாலத்துக்குப் போங்கள். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

பாலம் என்றால் ஆற்றுப் பாலம் இல்லை. ரயில் தண்டவாளத்துக்குக் கீழே இரண்டு கான்கிரீட் வளைவுகள், அவ்வளவுதான். நம் ஊரில் மழைக்குத் தண்ணீர் தேங்குகிற ரயில்வே சப்வேயை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் உயரம். சுவர் முழுக்க வெள்ளைப் பெயிண்டில் வட்டங்களும் முக்கோணங்களும். வட்டம் போட்டது குண்டு பட்ட இடம். முக்கோணம் போட்டதில் குண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முக்கோணத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். கான்கிரீட்டில் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்குக் குழி. விளிம்பு உதிர்ந்து, உள்ளே சரளைக்கல் தெரிகிறது. அந்த முக்கோணம் அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதற்கும் கீழே, முழங்கால் உயரத்தில் நிறைய வட்டங்கள். உட்கார்ந்திருந்தவர்களையும் படுத்திருந்தவர்களையும் பார்த்துச் சுட்ட உயரம் அது. அம்மா அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, சண்டை நடக்குற இடத்துக்கு இவ்வளவு ஜனம் எப்படி வந்துச்சு? யாரு கூட்டிட்டு வந்தது?"

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 1950 ஜூலை 26-ஆம் தேதி இங்கே துப்பாக்கியோடு இருந்த அமெரிக்க அதிகாரிகள் முன்னாலும் அதே கேள்விதான் நின்றது. போர் தொடங்கி ஒரு மாதம். ஜூலை 20-இல் தேஜோன் வட கொரியப் படையிடம் விழுந்துவிட்டது. ஏழாவது குதிரைப்படை ரெஜிமென்ட் (பெயர்தான் குதிரைப்படை, காலாட்படைதான்) ஜப்பானில் இருந்து வந்து இறங்கிச் சில நாள்கூட முழுசாக ஆகவில்லை. முந்தின இரவுதான் அதன் இரண்டாவது பட்டாலியன் இருட்டில் பீதியில் சிதறி, ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடி, காலையில் மறுபடி ஒன்றுசேர்ந்திருந்தது. வட கொரியப் படையினர் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு அகதிகளோடு கலந்து வருகிறார்கள் என்று எல்லா முகாமிலும் பேச்சு. வெயில் காலத்தில் கொரியக் கிராமத்துக்காரர் எல்லோருமே வெள்ளைத் துணிதான் உடுத்துவார்கள். அப்படியொரு காலையில் தண்டவாளத்தின் மேல் நூற்றுக்கணக்கில் வெள்ளை உடை ஜனம். இவர்கள் யார், முன்னணிக்கு இவ்வளவு பக்கத்தில் இவர்களுக்கு என்ன வேலை?

பிழைத்தவர்கள் இதற்குச் சொன்ன பதிலைக் கேட்டால் மனசு ஆறாது. ஜூகோக்-ரி, இம்கே-ரி என்ற பக்கத்துக் கிராமங்களில் இருந்து இவர்களைக் கிளப்பியதே அமெரிக்கச் சிப்பாய்கள்தான். இங்கே சண்டை வரப்போகிறது, தெற்கே பத்திரமான இடத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஜூலை 25 அன்று வெளியேற்றினார்கள். இரவை ஓடைக்கரையில் கழித்தார்கள். மறுநாள் சாலையில் இருந்து தண்டவாளத்துக்கு ஏற்றி, மூட்டைகளைப் பிரித்துச் சோதித்தார்கள். அப்புறம் விமானங்கள் வந்து சுட்டன. தப்பியவர்கள் ஓடி ஒளிந்தது இந்த இரண்டு வளைவுகளுக்குள். இரண்டு பக்கத்தில் இருந்தும் துப்பாக்கிச் சூடு. ஜூலை 29 வரை அங்கேயே கிடந்தார்கள்.

"மிலிட்டரிக்காரங்கதான்மா கூட்டிட்டு வந்தாங்க" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு சரக்கு ரயில் போனது. இது இன்றைக்கும் ஓடுகிற சியோல்–பூசான் பாதை. சுவரில் வைத்திருந்த என் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது.

இதற்குப் பிறகு அருங்காட்சியகத்துக்குப் போனால்தான் உள்ளே இருக்கிற காகிதங்கள் பேசும். ஒரு தேதியை மனசில் வைத்துக்கொண்டு போங்கள்: ஜூலை 24. அன்று பக்கத்து ரெஜிமென்டான எட்டாவது குதிரைப்படையின் பதிவேட்டில் ஏறிய உத்தரவு: அகதிகள் யாரும் போர் முன்னணிக் கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்ட முயல்பவர்களைச் சுட வேண்டும், பெண்கள் குழந்தைகள் என்றால் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம். மறுநாள் விமானப்படைக் கர்னல் டர்னர் ராஜர்ஸ் எழுதிய குறிப்பில், தரைப்படை கேட்டுக்கொண்டபடி தங்கள் நிலைகளை நெருங்கும் அகதிக் கூட்டங்களைச் சுட்டுவருகிறோம் என்று இருக்கிறது. இது சங்கடத்தில் கொண்டுபோய் விடும் என்று அவரே அதில் கவலைப்படுகிறார். பாலத்தில் சூடு தொடங்கிய அதே 26-ஆம் தேதி, தென் கொரியாவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜான் மூச்சியோ வாஷிங்டனுக்கு எழுதிய கடிதம்: கோட்டுக்கு வடக்கே அகதிகள் தெரிந்தால் முதலில் எச்சரிக்கைச் சூடு, அதையும் மீறி வந்தால் அவர்களையே சுடுவது. இந்தக் கடிதம் வெளியே தெரியவந்தது 2006-இல்.

"நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம்" என்ற வரியை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். என்னால் விளக்க முடியவில்லை. பயந்துபோன இருபது வயதுப் பையன்கள்மேல் எனக்குக் கோபம் குறைவு. மேலே மேஜையில் உட்கார்ந்து, இந்தக் கூட்டம் ஏன் இங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பாமல் உத்தரவு மட்டும் அனுப்பியவர்கள்மேல்தான் கோபம். ஏழாவது குதிரைப்படையின் அந்த ஜூலை மாதப் பதிவேடு ஆவணக் காப்பகத்திலேயே இல்லை என்பதும் சேர்ந்து உறுத்துகிறது.

இறந்தவர்கள் எத்தனை பேர்? 2005-இல் தென் கொரிய அரசு பெயர் பெயராகச் சரிபார்த்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 163, காயம்பட்டவர்கள் 55 என்று உறுதி செய்தது. 250-இல் இருந்து 300 வரை இருக்கும் என்பது பூங்காவை நடத்தும் அறக்கட்டளையின் கணிப்பு. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

என்னை அதிகம் பாதித்தது சோங் உன்-யோங் என்ற முன்னாள் போலீஸ்காரரின் கதை. அவருடைய நான்கு வயது மகனும் இரண்டு வயது மகளும் இங்கே இறந்தார்கள். 1960-இல் முதல் மனு போட்டார், பலனில்லை. பிறகு 1994-இல் தானே நாவலாக எழுதி வெளியிட்டார். 1999 செப்டம்பரில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் பழைய அமெரிக்கச் சிப்பாய்களையும் தேடிப்பிடித்துப் பேசவைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. அமெரிக்கா தருவதாகச் சொன்ன நினைவுச்சின்னப் பணத்தையும் கல்வி உதவித்தொகையையும் பிழைத்தவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. போரில் இறந்த எல்லாப் பொதுமக்களுக்கும் பொதுவாக அதை வைக்கப் பார்த்தார்கள் என்பது காரணம். அவர்கள் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். 2011-இல் திறந்த இந்தப் பூங்கா கொரியா தன் செலவில் கட்டியது.

பூங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரந்த இடம், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ரோஜாத் தோட்டம் பெரிது, நாங்கள் போனபோது பூ அநேகமாக முடிந்திருந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். வயதானவர்களோடு போனால் ஜூலை வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் அவசியம். பாலத்துக்கு ஒரு மணி நேரம், மற்றதற்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். சிறு குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். பத்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப்போங்கள், ஆனால் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஹ்வாங்கானுக்குத் திரும்பி வந்தோம். ஆற்று நத்தை சூப் அந்த ஊர்ச் சிறப்பு. பச்சை நிறத்தில், கீரை போட்டு, கொஞ்சம் கசப்பாக நன்றாக இருந்தது. அம்மா வாசனை பார்த்துவிட்டு, முட்டை வேண்டாம் என்று சொல்லி பிபிம்பாப் (காய்கறி கலந்து சாப்பிடுகிற கொரியச் சாதம்) வாங்கிக்கொண்டார். பரிமாறிய பாட்டி எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் அம்மாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் முள்ளங்கி வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும் ரயில் அந்த வளைவுகளின் மேலேதான் போகும். காலையிலும் அப்படித்தான் வந்திருக்கிறோம், கவனிக்கவில்லை. இந்த முறை வண்டி கிளம்பியதில் இருந்தே அம்மா ஜன்னலோரம் முகத்தை வைத்துக்கொண்டு, வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூங்காவின் தூண் தெரிந்தது. "இதோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிட்டது.