காரணம் தெரியாத வலிப்பு: கமிட்டிக்கு அப்பீலா, டிரிபியூனலா?

போன வாரம் திருப்பாலைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பட்டாளத்தில் பதினோரு வருஷ சர்வீஸ், போன வருஷம் போர்டு அவுட் (உடல் தகுதி இல்லை என்று மருத்துவ போர்டு வெளியே அனுப்புவது), கையில் ஊன பென்ஷன் கிடையாது என்ற ஒரு பக்கக் கடிதம். "அண்ணே, ரெண்டாவது அப்பீலும் போடவா, இல்லை மெட்ராஸுக்கே போயிடவா?" என்றார். 2006-இல் இதே மாதிரி ஒரு கடிதத்தோடு தேவிபட்டினத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நடுநிலை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், நான் டிரிபியூனல் கட்சி, அதாவது மெட்ராஸில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போ என்கிற கட்சி.

எனக்கு வந்தது வலிப்பு. பன்னிரண்டாவது வருஷம், இரவு டியூட்டி முடிந்து படுத்தவன் காலையில் மருத்துவமனையில் விழித்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை, தலையில் அடிபட்டதும் இல்லை. மருத்துவ போர்டில் 'இடியோபதிக்' என்று எழுதினார்கள். அதாவது, காரணம் தெரியவில்லை. அது வரைக்கும் சரி. ஆனால் அடுத்த கட்டத்தில் 'ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை' என்று எழுதி, 20 சதவீத ஊனம் என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். நோய் எதனால் வந்தது என்றே தெரியாதாம், ஆனால் பட்டாளத்தால் வரவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியுமாம்! இன்வாலிட் பென்ஷன் கிடைத்தது, ஊனத்துக்கான பகுதி கிடைக்கவில்லை. ஊருக்கு வந்தால் அப்பாவின் வள்ளம் இருக்கிறது, நண்டு வலை இருக்கிறது. வலிப்புக்காரனைத் தனியாகக் கடலுக்கு யார் அனுப்புவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பீல் என்பது துறைக்குள்ளேயே இருக்கும் கமிட்டிக்குப் போடுவது, இரண்டு தடவை போடலாம். முதல் அப்பீலைப் பற்றிப் பெரிய விவாதம் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். தபால் செலவுதான், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எழுதவும் உதவுவார்கள். அது மட்டுமில்லை, துறைக்குள் இருக்கும் வழிகளைப் பார்க்காமல் வருகிற மனுவைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது என்று 2007-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் வராவிட்டால் நேராகப் போகலாம் என்பதும் அதே சட்டம்தான்.

குழப்பம் இரண்டாவது அப்பீலில்தான். நான் அந்த வழியில் போகவில்லை, அதனால் கூட இருந்தவர்களைப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். புதிதாக ஒரு காகிதம் கையில் கிடைத்திருந்தால் அது நல்ல வழி. எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு முழங்கால் அடி, விபத்து அறிக்கை ஃபைலில் இல்லாமல் இருந்தது, நகலைத் தேடி வைத்ததும் வக்கீல் இல்லாமலே கிடைத்துவிட்டது. எலும்பு முறிவு, குண்டுக் காயம் என்றால் கமிட்டி பார்க்கும், கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ஆனால் காரணம் தெரியாத நோய்க்குப் புதுக் காகிதம் எங்கிருந்து வரும்? அதே ஃபைல், அதே மருத்துவ போர்டின் வரி. என் முதல் அப்பீலுக்கு வந்த பதிலில் போர்டு எழுதிய வாசகத்தையே திருப்பி எழுதியிருந்தார்கள்.

டிரிபியூனலில் கேள்வியே வேறு. 'இந்த நோய் பட்டாளத்தால் வந்தது என்று நிரூபி' என்று என்னைக் கேட்கவில்லை. 'வரவில்லை என்று எழுதினீர்களே, காரணம் எங்கே?' என்று எதிர்த்தரப்பைக் கேட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இந்தக் கட்சியில் இருக்கிறேன். ஊன பென்ஷன் யாருக்கு என்று சொல்லும் 1982-ஆம் வருஷத் தகுதி விதிகளில், ஆளெடுக்கும்போது ஒரு நோய் பதிவாகவில்லை என்றால் அது பணியில் வந்ததாகவே சாதாரணமாகக் கொள்ள வேண்டும், சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று டாக்டர்கள் சொன்னால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று இருக்கிறது. சந்தேகத்தின் பலன் கேட்பவருக்கு. இதை எடுத்துவைத்துத்தான் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. அவருக்கும் வலிப்புதான், அவர் போர்டும் காரணம் எழுதவில்லை. 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதே பாதை. என் மருத்துவ போர்டு நகலில் காரணம் எழுதும் இடத்தில் ஒரு சொல்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லே என் வழக்கு.

(அமெரிக்காவில் 1991 வளைகுடாப் போருக்குப் போய்வந்தவர்களுக்குக் காரணம் சொல்ல முடியாத நோய்களுக்கென்றே 1994-இல் தனிச் சட்டம் போட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை, இந்தக் 'காரணம் எங்கே' என்ற ஒரு கேள்விதான் இருக்கிறது.)

ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் 1982 விதிக்காரன். விதிகளை 2008-இல் மாற்றினார்கள், 2023 செப்டம்பரில் மறுபடியும் மாற்றினார்கள், எனக்குச் சாதகமாக இருந்த வாசகங்கள் அப்படியே இல்லை. அந்தத் தம்பி வருவது 2023 விதியில். என் தீர்ப்பை நகல் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை நடக்காது, வெளியே வந்த தேதிக்கு உரிய விதியைத்தான் வக்கீலிடம் கேட்க வேண்டும்.

செலவு? வக்கீல் ஃபீஸ் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வருகிற அரியரில் பங்கு கேட்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள், பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. அலைச்சல் நான் பயந்த அளவு இல்லை, ராமநாதபுரத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர், அதுவும் எல்லா வாய்தாவுக்கும் நான் போகவில்லை. 2014-இல் மனு, 2016-இல் உத்தரவு. 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டார்கள், 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்ட முறை அது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. எனக்கு 6 சதவீதம் வர வேண்டியது 15 ஆனது.

நான் தோற்றது வேறு இடத்தில். முதல் அப்பீல் நிராகரிப்பு வந்தபின் சும்மா இருந்துவிட்டேன், தரம்வீர் சிங் தீர்ப்பைக் கேள்விப்பட்ட பிறகுதான் எழுந்தேன். தாமதத்தை மன்னித்தார்கள், ஆனால் அரியர் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் வந்த வரையறை. 2006 முதல் 2011 வரை போனது போனதுதான். இரண்டாவது அப்பீலில் இன்னும் ஒன்றரை வருஷம் உட்கார் என்று அந்தத் தம்பியிடம் சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

உயர் நீதிமன்றம் பற்றியும் கேட்டார். தீர்ப்பாயத்தில் தோற்றால் ரிட் போடலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முதலில் தோற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன், சிரித்தார்.

அவரிடம் மருத்துவ போர்டு நகலே இல்லை, கடிதம் மட்டும்தான். அன்று சாயங்காலமே தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வக்கீலுக்கு போன்.