விக்கித் தொகுப்பு நிகழ்வு: கல்லூரி லேபா, பொது நூலகமா?

சேலத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தொடர்தொகுப்பு, அதாவது பலர் ஒன்றாக உட்கார்ந்து கட்டுரை எழுதும் நிகழ்வு, நடத்தலாம் என்று பேச்சு எடுத்தாலே முதலில் வரும் யோசனை கல்லூரிக் கம்ப்யூட்டர் லேப். அடுத்தது, ஊருக்குள் ஏதாவது ஒரு பொது நூலகம். மூன்றாவதாக ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஏற்காட்டுல ரூம் போட்டு ரெண்டு நாள் உக்காந்துட்டா வேலை முடிஞ்சுதுங்க." முதல் இரண்டையும் நடத்திப் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு நூலகத்துக்குத்தான்.

ஏற்காட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நான் கலந்துகொண்டதோடு சரி, நடத்தியதில்லை. ஏற்கெனவே எழுதிப் பழகியவர்கள் பத்துப் பேர் கூடிப் பேச அருமையான இடம். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர்களை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோய், ஏரி பக்கத்தில் இருக்கும்போது லேப்டாப்பைத் திற என்றால் யார் திறப்பார்கள்? விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்குப் படம் எடுப்பதென்றால் கதை வேறு. சேர்வராயன் கோயில், காப்பித் தோட்டம், ஆர்கிட் பூங்கா என்று மலை முழுக்கப் படம்தான். அதற்கு ஏற்காடே சரி.

கல்லூரி லேபின் வசதிகளை விளக்க வேண்டியதில்லை. மெஷின், புரொஜெக்டர், யூபிஎஸ், ஏசி எல்லாம் தயார். துறைத் தலைவர் ஒரு சர்க்குலர் விட்டால் ஆளும் தயார். ஆனால் சர்க்குலருக்காக வந்தவர்கள் மதியம் சர்டிபிகேட் எப்போது என்று கேட்பார்கள். அது அவர்கள் தப்பில்லை. இன்னொரு சிக்கல், ஒரே இணைய முகவரியிலிருந்து (ஐபி) ஒரு நாளைக்கு ஆறு புதிய பயனர் கணக்குகளுக்கு மேல் விக்கிப்பீடியா விடாது. லேபில் நாற்பது மெஷின் இருந்தாலும் வெளியே போகும் முகவரி பெரும்பாலும் ஒன்றுதான். ஏழாவது ஆளுக்குப் பிழைச் செய்தி வரும்போதுதான் ஒருங்கிணைப்பாளருக்கு வியர்க்கும். முந்தைய நாளே வீட்டில் கணக்கைத் தொடங்கிக்கொண்டு வரச் சொல்லலாம், அல்லது வரம்பைத் தளர்த்தும்படி முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். நூலகத்தில் அவரவர் செல்போன் டேட்டா என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். சில செல்போன் நெட்வொர்க் முகவரிகள் வேறு யாரோ செய்த விஷமத்துக்காக ஏற்கெனவே தடையில் இருக்கும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என்னை நூலகத்தின் பக்கம் தள்ளியது சான்று.

லேபில் ஆத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி சவ்வரிசி பற்றி எழுதினாள். அவள் அப்பாவுக்கு ஆலையில் வேலை. மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து அரைப்பது, பாலைத் தொட்டியில் படியவிடுவது, படிந்த மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்குவது, சூடான தட்டில் வறுத்து வெயிலில் காயப்போடுவது என்று வரிசை பிசகாமல் இரண்டு பத்தி. அன்று எழுதப்பட்டதில் அதுதான் உருப்படி. ஆனால் ஒரு வரிக்கும் ஆதாரம் இல்லை. "எங்கப்பா சொன்னார்" என்பதை அடிக்குறிப்பில் போட முடியாது. கூகுளில் தேடினால் ஒரு கடை விளம்பரம் வந்தது, ஒரு வலைப்பூ வந்தது, விக்கிப்பீடியாவையே நகலெடுத்து வைத்திருக்கும் தளம் ஒன்றும் வந்தது. மாலைக்குள் ஆதாரம் கேட்கும் 'சான்று தேவை' வார்ப்புரு கட்டுரையில் விழுந்துவிட்டது.

அதே பெண் நூலக நிகழ்வுக்கும் வந்தாள். விஷயத்தைக் கேட்ட நூலகர், "சிறுதொழில் புஸ்தகம் ஒண்ணு இருக்கும், மேல் தட்டுல பாருங்க, ஸ்டூல் அங்க இருக்கு" என்றார். அட்டை பிய்ந்த தமிழ்ப் புத்தகம். இணையத்தில் அதன் பெயர்கூட இல்லை. அவள் எழுதியதில் முக்கால்வாசிக்கு அதில் பக்க எண் கிடைத்தது. வறுக்கும் கட்டத்தில் புத்தகம் ஒரு மாதிரி சொல்ல, அப்பா வேறு மாதிரி சொல்லியிருந்தார். கட்டுரைக்குள் புத்தகம் போனது. அப்பா சொன்னது, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போனது.

இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு. புதுக்கணக்குக்காரர் வெளி இணைப்பு சேர்த்தால் ஒவ்வொரு முறையும் கோணல் எழுத்துச் சோதனை (கேப்ட்சா) வரும், அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழ்99 விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருப்பவர் அதற்காக மாற்றி மாற்றித் தடுமாறுவார். புத்தகத்தை வெறும் தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்று கொடுத்தால் அந்தச் சோதனை எட்டிப் பார்ப்பதில்லை.

"எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே" என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கில நூல்களுக்கு அது ஓரளவு பொருந்தும். லெ ஃபனு என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய 1883ஆம் ஆண்டு சேலம் மாவட்டக் கையேட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அந்தச் 'சேலம் மாவட்டம்' வேறு. தர்மபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் தனியானது. பழைய மக்கள்தொகையை அப்படியே எடுத்து இன்றைய மாவட்டத்துக்குப் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். லேபில் இதைக் கவனித்துச் சொல்ல ஆளில்லை; நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, அப்ப ஓசூரும் நம்ம ஜில்லா" என்றார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு, கைத்தறி, உள்ளூர்க் கோயில்கள் பற்றிய சின்னப் பதிப்பக நூல்களும் விழா மலர்களும் நூலக அலமாரியில்தான் இருக்கின்றன.

நூலகத்திலும் தலைவலிகள் உண்டு. பிளக் பாயின்ட் போதாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வாசிப்பு அறையில் காலையிலிருந்து டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை எழுப்பிவிட்டு நிகழ்வு நடத்துவது பாவம். தனி அறை இல்லாத நூலகத்தை விட்டுவிடுவதே மேல். அனுமதிக்கு மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கல்லூரியில் ஒரு போனில் முடியும் வேலை இது. கூட்டமும் பாதிதான் வரும். இன்னொன்று, அச்சுப் புத்தகம் கையில் கிடைத்ததும் செல்போன் கேமராவில் பக்கத்தைப் பிடித்து எழுத்தாக மாற்றி அப்படியே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிப்புரிமை மீறல் என்று காரணம் காட்டிக் கட்டுரையே நீக்கப்படும். "படிச்சிட்டு புஸ்தகத்தை மூடுங்க, அப்புறம் எழுதுங்க" என்று மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நிகழ்வுக்குப் பிறகும் எழுதுகிறவர்கள் எங்கிருந்து அதிகம் வருகிறார்கள் என்றால், நான் பார்த்தவரை நூலகக் கூட்டத்திலிருந்துதான். ஆனால் அங்கே வந்தவர்கள் விருப்பப்பட்டு வந்தவர்கள். அந்தப் பெருமையை முழுக்க நூலகத்துக்குக் கொடுத்துவிட முடியாது. கிராமத்துக் கிளை நூலகங்களில் இது எடுபடுமா என்பதும் செய்துபார்த்தால்தான் தெரியும்.

கல்லூரிதான் அமைகிறது என்றால் அதை விடவும் வேண்டாம். குறிப்புதவி நூல்களை வெளியே தரமாட்டார்கள். அதனால் முந்தைய வாரமே இரண்டு பேர் நூலகத்துக்குப் போய், தலைப்புகளுக்கு ஏற்ற நூல்களைத் தேடி, பதிப்பு விவரப் பக்கத்தையும் தேவையான பக்கங்களையும் குறித்துக்கொண்டு வரட்டும். புத்தகம் கிடைக்காத தலைப்பை அன்றைய பட்டியலில் சேர்க்காதீர்கள். நூலகரையும் ஒரு அரை நாள் லேபுக்கு அழையுங்கள், போக்குவரத்துச் செலவை ஏற்றுக்கொண்டு.