மெட்பார்மின் சாப்பிடுறவங்களுக்கு பி12 மாத்திர, அம்மைக்கு வாங்கிக் குடுத்த அனுபவம்

மார்த்தாண்டத்துல எனக்க அம்மைக்கு வாங்குன மெத்தில்கோபாலமின் (விட்டமின் பி12ல ஒரு வகை) 1500 மைக்ரோகிராம் மாத்திரைய பத்தி தான் சொல்லுதேன். கம்பெனி எதுவா வேணா இருக்கட்டும், அட்டையில அது மட்டும் தான் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

அம்மை சுகருக்கு மெட்பார்மின் மாத்திர சாப்பிட தொடங்கி வருசக்கணக்காச்சு, கொஞ்ச நாளா உள்ளங்கால் மரத்து செருப்பு கழண்டு போனது கூட தெரியல, சுகர்னா அப்படி தான்னு எல்லாரும் சொன்னாவ. டாக்டர் தான் பி12 டெஸ்ட் எழுதி குடுத்தாரு, பாத்தா 200க்கும் கீழ, கொறவு தான். மெட்பார்மின் டோஸ் கூடக்கூட, வருசம் போகப்போக குடல்ல பி12 ஏறுறது கொறையுமாம். மத்தியும் நெத்தோலியும் இல்லாம எங்க வீட்டுல சோறு இறங்காது, ரெண்டுலயும் பி12 நல்லாவே உண்டு, அப்படியும் இந்த நெலமன்னா சைவம் மட்டும் சாப்பிடுறவங்க கண்டிப்பா டெஸ்ட் எடுக்கணும்.

மாத்திர கொள்ளாம். களைப்பு முதல்ல போச்சு, கால் மரப்பு மெதுவா தான் கொறஞ்சுது, முழுசா போகல, ரொம்ப நாள் கவனிக்காம விட்ட நரம்பு முழுசா திரும்பாமலும் போகலாம். சுகர் இதுனால கொறையல, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட்) பழைய மாதிரி தான், அதுக்கான மாத்திரையும் இது கிடையாது. மெட்பார்மின நீங்களா நிறுத்திராதீங்க.

இன்னொரு கடையில சுகர்காரங்களுக்கு ஸ்பெஷல்னு ஒரு மல்டிவிட்டமின் டப்பாவ தலையில கட்டப் பாத்தாவ, விலையும் கூட. பின்னாடி வாசிச்சா பயோட்டின், பி6, குரோமியம்னு ஒரு பட்டியலே இருக்கு. பி6 அளவுக்கு மிஞ்சி நாளு கணக்கா போனா அதுவே கால மரக்க வைக்கும், பயோட்டின் கூடுனா தைராய்டு டெஸ்ட் ரிசல்ட் தப்பா வரலாம், இதெல்லாம் அந்த கடையில யாரும் சொல்லல பாத்தியளா. விட்டமின் டி போட்டா சுகரே வராதுன்னு சொல்லுறதையும் நம்பாதீங்க. சுகர் வர்ற நெலமையில இருந்த 2,400க்கும் மேல ஆளுகளுக்கு தெனமும் 4000 யூனிட் குடுத்து பாத்த அமெரிக்க ஆராய்ச்சி 2019ல வந்துச்சு, பெருசா வித்தியாசம் இல்ல. உடம்புல டி கொறவுன்னா எலும்புக்காக சாப்பிடுங்க, அது வேற.

எனக்க கணக்குல 5க்கு 4. டெஸ்ட் எடுத்துட்டு மாத்திர தொடங்குங்க, ஏற்கனவே சாப்பிடுறவங்க டாக்டர்ட்ட அத சொல்லிருங்க, இல்லன்னா ரிசல்ட்ல பி12 கூடுதலா காட்டும், கொறவே இல்லன்னு விட்டுருவாவ.