ரவூப் ஒருநாள் வேன் சுற்றுலா: தங்கம் பார்க்கப் போனோம், அம்மா பால்மரத்தைத் தேடினார்

போன ஜூலையில், டுரியான் பழப் பருவத்தில், அம்மாவையும் பிள்ளைகளையும் மலேசியாவில் பகாங் மாநிலத்தில் உள்ள ரவூப்புக்குக் கூட்டிப் போனேன். ஒரு தம்பி சொந்தமாக வேன் வைத்து நடத்தும் சுற்றுலா இது. தலைக்கு 120 வெள்ளி (ரிங்கிட்), காலைப் பசியாறலும் டுரியானும் அதிலேயே அடக்கம்.

ஊர்க் கதையை நன்றாகவே சொல்கிறார். டூலாங் என்னும் அலசும் தட்டில் மணலை அலசினால் ஒரு கை நிறையத் தங்கம் கிடைத்ததாம், மலாயில் இரு கையாலும் அள்ளுவதைத்தான் ராவுப் என்பார்கள், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டதாகச் சொல்வார்கள். 1889-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்லியம் பிபி கம்பெனி தொடங்கிச் சுரங்கம் வெட்டினார். பாறையை இடிக்கவும் நீரை இறைக்கவும் மின்சாரம் வேண்டும் என்பதால் செம்பாம் ஆற்றில் 1900-இல் நீர்மின் நிலையமே கட்டிவிட்டார்கள். மலாயாவில் அதுதான் முதல். சுரங்கம் இருந்த புக்கிட் கோமானில் மட்டும் தம்பி எங்களைப் பத்து நிமிடத்தில் கிளப்பிவிட்டார், அது போதாது.

ஒரு குறை. காலை முழுக்கத் தங்கம், சீனர், வெள்ளைக்காரர் என்றே போனது, ரப்பர் தோட்டத்து ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவர், இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நான் சொன்னதும் தம்பி முகம் மாறாமல், "பாட்டி, எங்கே போகணும் சொல்லுங்க" என்று வண்டியைத் திருப்பினார். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) டுரியானும்தான். ஒரு சாலையோரத்தில் நாலைந்து பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், மிஞ்சியிருந்தன. அம்மா பட்டையில் பழைய வெட்டுக்கோட்டை விரலால் தடவி, உளியை எப்படிச் சாய்க்கணும், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை எங்கே மாட்டணும் என்று பேத்திக்குக் காட்டினார். மரத்தடியில் காய்ந்துகிடந்த ஒட்டுப்பாலை எடுத்து முகர்ந்து பார்த்தார். தம்பி எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார், அது எனக்குப் பிடித்தது.

அப்புறம் டுரியான் தோட்டம். முசாங் கிங் என்ற டுரியான் வகையைப் பறிக்க மாட்டார்கள், தானாக விழவேண்டும், அதற்காகவே மரத்தடியில் வலை கட்டியிருக்கிறார்கள். பழத்தின் அடியில் நட்சத்திரம் போல் ஐந்து கோடு இருக்கும், கடையில் வாங்கும்போதும் அதைப் பாருங்கள். சுளை அடர்மஞ்சள், இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு.

தாராளமாகப் போகலாம். பால்மரம் பார்க்க வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லிவிடுங்கள். வேனின் படி உயரம், பெரியவர்கள் வந்தால் ஒரு முக்காலி கேட்டு வையுங்கள்.