100 மீட்டருக்கு எந்த .22 தோட்டா: சாதா வேகமா, அதிவேகமா?

50 மீட்டரில் சுட்டுக்கொண்டிருந்தவரை இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. கிளப்பில் மற்றவர்கள் எதைச் சுட்டார்களோ அதையே நானும் சுட்டேன். அதே போல்ட் ஆக்‌ஷன் .22 ரைபிளை (குழல் விட்டம் 0.22 அங்குலம்) 100 மீட்டருக்குக் கொண்டுபோனபோதுதான் தோட்டாவைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. ஸ்டாண்டர்டு வெலாசிட்டி என்கிற சாதா வேகத் தோட்டா, ஹை வெலாசிட்டி என்கிற அதிவேகத் தோட்டா, இரண்டையும் ஒரே ரைபிளில், ஒரே மேசையில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். இப்போது சாதா வேகம் மட்டும்தான் சுடுகிறேன். மதுரைப் பக்கம் 100 மீட்டர் சுட நினைக்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டும் 1887-இல் வந்த அதே .22 லாங் ரைபிள் தோட்டாதான். ஒரே அறையில் ஏறும், பெரும்பாலும் ஒரே எடை, 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். வேகம்தான் வேறு. உதாரணத்துக்கு, சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி வினாடிக்கு 1,070 அடி, நம் கணக்கில் 326 மீட்டர். அதே கம்பெனியின் மினி-மேக் 1,235 அடி, 376 மீட்டர். சாதாரண ரகங்களில் விலை பெரிதாக மாறாது. போட்டிக்கென்று செய்யும் மேட்ச் தோட்டா என்று போனால்தான் பர்ஸ் கனமாக இருக்க வேண்டும்.

வேகம் அதிகம் என்றால் குண்டு குறைவாக இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை 50 மீட்டருக்குச் சரிசெய்துவிட்டு அப்படியே 100 மீட்டரில் சுட்டால், இரண்டுமே கீழேதான் போகும். அதிவேகம் சாதா வேகத்தை விட நாலைந்து சென்டிமீட்டர் மேலே அடிக்கும். பலர் இதைப் பார்த்துத்தான் அதிவேகத்தை வாங்குகிறார்கள். ஆனால் இறக்கம் இன்றைக்கும் நாளைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு முறை கணக்குப் போட்டு, ஸ்கோப்பில் இத்தனை கிளிக் என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டால் முடிந்தது. தூரம் தெரிந்த ரேஞ்சில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை காற்று. நம்ம ஊரில் அது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆனி பிறந்ததும் ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமிருந்து கிளம்பும் மேல்காற்று ஆவணி வரை விடாது. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்றுக்கு இரண்டரை கிராம் ஈயம் எம்மாத்திரம்? அதுவும் ஒரே சீராக அடித்தால் பரவாயில்லை. நாகமலை மாதிரி ஒரு கரட்டை ஒட்டிய இடத்தில் அது ஓங்கும், ஓயும், திடீரென்று திரும்பும். சுடுகிற இடத்தில் ரிப்பன் ஒரு பக்கம் ஆட, டார்கெட் பக்கத்தில் இருக்கும் சீமைக்கருவேலம் வேறு பக்கம் சாயும்.

இந்தக் காற்றில்தான் அதிவேகத் தோட்டா தோற்கிறது. கிளப்பில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, வேகமாப் போற குண்டைத் தள்ள காத்துக்கு நேரமே கெடைக்காதுல்ல? அப்புறம் எப்படி அது கூட வெலகும்?" நியாயமான கேள்வி. எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைப்போம். பக்கக்காற்றில் குண்டு எவ்வளவு விலகும் என்பதை, அது பறக்கும் மொத்த நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. காற்றுத் தடையே இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், உண்மையில் எவ்வளவு ஆனது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். சாதா வேகக் குண்டு 326 மீட்டர் வேகம் குறையாமல் போனால் 100 மீட்டருக்கு 0.307 வினாடி. உண்மையில் ஆவது சுமார் 0.33. இழப்பு 0.023 வினாடி. அதிவேகக் குண்டு 376-இல் குறையாமல் போனால் 0.266, உண்மையில் ஆவது 0.30-ஐ ஒட்டி. இழப்பு 0.033. சீக்கிரம் போய்ச் சேர்வது அதிவேகம்தான். ஆனால் வழியில் அதிகம் இழப்பதும் அதுதான். மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது முகத்தில் லேசாகத் தெரிகிற காற்றுக்கே சாதா வேகம் 5 சென்டிமீட்டர் விலகும், அதிவேகம் 7-ஐத் தாண்டும். 50 மீட்டர் போட்டி டார்கெட்டை 100 மீட்டரில் மாட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் கறுப்பு வட்டத்தின் விட்டம் 112.4 மில்லிமீட்டர். நடுவில் குறி வைத்து, காற்றைக் கவனிக்காமல் சுட்டால் ஒன்று கறுப்பின் ஓரத்துக்குள் நிற்கும், மற்றது வெள்ளைக்குப் போய்விடும். காற்று 16 கிலோமீட்டர் ஆனால் இந்த விலகல்கள் இரண்டு மடங்கு. காற்றைத் தப்பாகப் படிக்காத ஆள் யாரும் இல்லை. படித்ததில் பாதி தப்பு என்றாலும் எந்தத் தோட்டா குறைவாகத் தண்டிக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஏன் அதிவேகம் இவ்வளவு இழக்கிறது? ஒலியின் வேகத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் போகும் பொருளுக்குக் காற்றுத் தடை திடீரென்று ஏறும். வெயில் 35 டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 352 மீட்டர். 326-இல் கிளம்பும் குண்டு அதற்குக் கீழேயே பிறந்து கீழேயே போய்ச் சேருகிறது. 376-இல் கிளம்புவது அந்தத் தடைச்சுவரோடு மல்லுக்கட்டி, டார்கெட்டுக்குப் பாதி வழி போவதற்குள்ளேயே அதன் கீழே இறங்கிவிடுகிறது. 50 மீட்டர் போட்டிக்கென்று செய்யும் தோட்டாக்கள் ஏறக்குறைய எல்லாமே 320, 330 மீட்டரை ஒட்டியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈலி டெனெக்ஸ் 1,085 அடி, லாபுவா சென்டர்-எக்ஸ் 1,073 அடி. உலகத்தின் மிகத் துல்லியமான .22 தோட்டாக்களைச் செய்கிறவர்களுக்கு வேகத்தைக் கூட்டத் தெரியாமல் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் இந்த .22-இன் களம்தான்.

ஒலிச்சுவரைக் கடக்கும்போது குண்டு தள்ளாடி குரூப், அதாவது டார்கெட்டில் குண்டுகள் விழுந்த பரப்பு, விரிகிறது என்றும் சொல்வார்கள். என் ரைபிளில் அதிவேகத்தின் குரூப் 100 மீட்டரில் விரியத்தான் செய்தது. ஆனால் அது தள்ளாட்டத்தாலா, அந்தத் தோட்டாவின் தரத்தாலா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் சுட்டதில்லை. காற்று விலகலைச் சொல்வது போல இதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

சாதா வேகத்தில் எதை வாங்கினாலும் சரி என்றும் அர்த்தமில்லை. .22-இல் தீமருந்து விளிம்புக்குள் இருப்பதால் காலித் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்ப வழியில்லை. பேக்டரி என்ன கொடுக்கிறதோ அதுதான். ஒரே பெட்டிக்குள் ஒரு தோட்டாவுக்கும் இன்னொன்றுக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 100 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர் மேல் கீழாகப் போகும்; 200 மீட்டரில் அது 10 சென்டிமீட்டருக்கும் மேல். அதனால் பிராண்டை விட லாட் எண்ணை, அதாவது ஒரே தொகுப்பாகச் செய்ததற்கான எண்ணைப் பாருங்கள். ஒரு லாட் உங்கள் பேரலுக்குப் பிடித்துவிட்டால், உரிமத்தில் எழுதிய அளவுக்குள் அதே லாட்டில் எவ்வளவு வாங்க முடியுமோ வாங்கி வைத்துவிடுங்கள். நம் நாட்டில் பத்து ரகத்தை வாங்கிக் குவித்துச் சோதிக்கிற வசதி இல்லை. வாங்கியதைக் காரில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ஈயத்தின் மேல் இருக்கும் மெழுகு இளகும், மருந்து சூடானால் வேகமும் கொஞ்சம் கூடும். நான் துணி சுற்றிய டப்பாவில் வைத்து மேசைக்கு அடியில் நிழலில் வைத்துக்கொள்கிறேன்.

அதிவேகத்துக்கும் இடம் உண்டு. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் போல்ட்டைப் பின்னால் தள்ள அந்த வேகம் உதவும். தூரம் சரியாகத் தெரியாத இடத்தில், வெளிநாடுகளில் முயல், அணில் சுடுகிறவர்களுக்குக் குறைந்த இறக்கம் பெரிய வசதி. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கும் இங்கே அந்தத் தேவையே இல்லை. கண்மாய்க் கரையில் வெற்று இடம் பார்த்துச் சுடலாமா என்ற எண்ணமும் வேண்டாம், எந்த .22 குண்டும் ஒன்றரை மைல் வரை போகக்கூடியது என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். பின்னால் மண்மேடு உள்ள, அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்தான்.

200 மீட்டர் பற்றி என் அனுபவம் கொஞ்சம்தான். 50 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் குண்டு ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுவதால் ஸ்கோப்புக்கு முன்பக்கம் சாய்ந்த மவுண்ட் இல்லாமல் பேச்சே இல்லை. அங்கேயும் சாதா வேகம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது, ஆனால் அது காற்று அடங்கிய மார்கழிக் காலையில் சுட்டது. ஆடியில் அந்தத் தூரத்துக்கு நான் போனதில்லை.

ஏற்கெனவே அதிவேகப் பெட்டிகள் கையில் இருந்தால் வீணாக்க வேண்டாம். 25 மீட்டரில் ட்ரிகர் பழக்கத்துக்குத் தாராளமாகப் போதும். அப்புறம் சாதா வேகத்துக்கு மாறும்போது முதல் பதினைந்து, இருபது தோட்டாவின் குரூப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பேரலுக்குள் பழைய மெழுகு போய்ப் புது மெழுகு படிய அவ்வளவு ஆகும். அதற்கப்புறம் விழும் குரூப்பைப் பார்த்து ஸ்கோப்பைத் தொடுங்கள்.