ரிம்முக்குள் உறைந்த பனி: ஆறு குளிர்கால அனுபவம்

முந்தின நாள் மாலை ஆழமான பனியில் ஓட்டிக்கொண்டு வந்து காரை வெளியே நிறுத்தினேன். அப்போது ஒரு தொல்லையும் இல்லை. மறுநாள் காலை நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. 90-இல் கை மரத்துப்போகும் அளவுக்கு நடுக்கம். வேகத்தை 50-க்குக் குறைத்தால் ஒன்றுமே நடக்காதது போல அமைதி. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். டயரில் காற்று இருந்தது, நட்டுகள் இறுக்கமாக இருந்தன.

பணிமனைக்குக் கொண்டுபோனேன். கார் சூடான கொட்டகைக்குள் இரண்டு மணி நேரம் நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் (சக்கரத்தின் பாரத்தைச் சுற்றிலும் சமன் செய்வது) செய்து கொடுத்தார்கள். நடுக்கம் போய்விட்டது. அடுத்த பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு அதே நடுக்கம் திரும்பி வந்தபோதுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்து ரிம்மின், அதாவது டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரத்தின், உட்பக்கத்தைப் பார்த்தேன். உள்வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் கை தடிமனுக்குப் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. முதல் முறை சக்கரத்தைச் சரி செய்தது பேலன்சிங் இல்லை, அந்தக் கொட்டகையின் சூடுதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் எடைகள் 5 கிராம், 10 கிராம் கணக்கில்தான் இருக்கும். உள்ளே ஒட்டும் பனியோ நூற்றுக்கணக்கான கிராம் வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஒரு பக்கத்தில் 100 கிராம் கட்டி இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். 50-இல் ஒன்றும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, மாலையில் இல்லாத நடுக்கம் காலையில் எங்கிருந்து வந்தது? ஓடும்போது பனி ரிம்மைச் சுற்றி ஓரளவு சமமாகத்தான் அப்பிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தியதும் பிரேக் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டின்) சூட்டில் அது கொஞ்சம் உருகி, வளையத்தின் அடிப்பகுதிக்கு வழிந்து, இரவில் அங்கேயே கல்லாக உறைந்துவிடுகிறது. பாரம் முழுக்க ஒரே பக்கம். வெளியே இருந்து பார்த்தால் அலாய் வீல் பளிச்சென்று சுத்தமாகவே தெரியும். அதனால்தான் பலரும் உள்ளே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அதை எடுக்க நான் செய்த முதல் வேலை வெந்நீர் ஊற்றியது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மேலே இருந்த பனி மட்டும் கரைந்தது, மிச்சம் கண்ணாடி போல இறுகிவிட்டது. தண்ணீர் பிரேக்கிலும் இறங்கி, மறுநாள் காலை டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் அதனோடு ஒட்டிக்கொண்டு சக்கரம் நகர மறுத்தது. அடுத்த முறை ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுத்தேன். பனி வந்தது, அதோடு ரிம்மின் உள்ளே ஒட்டியிருந்த பேலன்ஸ் எடையும் பெயர்ந்து வந்துவிட்டது. சுத்தமான சக்கரத்தோடு கிளம்பினேன், ஸ்டீயரிங் ஆடிக்கொண்டே இருந்தது. எடை மட்டும்தான் போனது என்பது என் நல்ல காலம். பிரேக் ஹோஸும் (பிரேக் எண்ணெய் போகும் குழாய்), பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார் வயரும் அதே இடத்துக்கு மிக அருகில்தான் இருக்கின்றன.

நான்கு குளிர்காலமாக என் டிக்கியில் இருப்பது முழங்கை நீளத்தில் தட்டையான முனை கொண்ட ஒரு மரக்குச்சியும், நீளக் கைப்பிடியுள்ள முரட்டு பிரஷும்தான். சமதரையில் நிறுத்தி, கியரை பார்க்கில் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகே கையை உள்ளே விடுவேன். எட்டுகிற பகுதியைச் சுரண்டியதும் சக்கரம் அரைச்சுற்று உருளும் அளவுக்குக் காரை நகர்த்தி, மறுபடி அணைத்துவிட்டு மிச்சத்தை எடுப்பேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் ஒரு பகுதியை மறைத்துக்கொள்வதால் ஒரே நிலையில் வைத்து முழு வளையத்தையும் சுத்தம் செய்ய முடியாது.

எந்தக் கருவி என்பதைவிட எப்போது செய்கிறோம் என்பதுதான் முக்கியம். வீடு வந்து சேர்ந்த உடனே செய்தால் நான்கு சக்கரத்துக்கும் ஐந்து நிமிடம் போதும், பனி பொலபொலவென்று உதிரும். அதையே காலைக்குத் தள்ளிப்போட்டால் அரை மணி நேரம் போனாலும் பாதிதான் வரும். களைப்பாக வரும் நாளிலும் இந்த ஐந்து நிமிடத்தை நான் விடுவதில்லை.

கார் வாஷில் சக்கரத்தின் உட்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவது மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கழுவியதும் அப்படியே நிறுத்தக் கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டி, இடையிடையே மெதுவாக பிரேக் மிதித்து ஈரத்தைக் காய வைக்க வேண்டும். குளிர் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால் நான் கழுவவே போவதில்லை.

குளிர்கால டயர் மாட்டுவதற்கு முன், ரிம் தனியாக இருக்கும்போது உட்பக்கத்தில் மெழுகு பூசிப் பார்த்தேன். உலர்ந்த பனி சீக்கிரம் விழுகிறது. சாலையில் மிதிபட்டுக் கூழான பனியிடம் அது எடுபடவில்லை. சிலர் சொல்லும் சிலிக்கான் ஸ்ப்ரேயை மட்டும் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

வேகமாக ஓட்டினால் தானே உதிர்ந்துவிடும் என்பதும் ஆபத்தான யோசனை. கட்டி தெறித்தால் பின்னால் வருபவர் மீது போய் விழும். அதுவரை அந்த அதிர்வு முழுவதையும் பேரிங்கும் சஸ்பென்ஷனும்தான் வாங்கிக்கொள்ளும்.

நடுக்கம் எல்லாமே பனியால் வருவதும் இல்லை. கடுங்குளிரில் இரவெல்லாம் நின்ற டயர் தரையில் பட்ட இடத்தில் லேசாகத் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும், பிறகு தானே சரியாகிவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். உட்பக்கம் சுத்தமாக இருந்தும் நடுக்கம் நிற்காவிட்டால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். அப்போதும், பனி கரைந்த பிறகே பேலன்சிங் மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள்.

குனிந்த கையோடு மட்கார்டின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே தொங்கும் பனி இறுகினால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசும். அதைக் காலால் உதைத்துத் தள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஒரு கடுங்குளிர் நாளில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறை பிஸ்கட் மாதிரி உடைந்தது. அதன் பிறகு கையால் தட்டித்தான் எடுக்கிறேன்.

போன வருடம் ரிம் மாற்ற வேண்டி வந்தபோது, நெருக்கமான மெல்லிய கம்பிகள் கொண்ட அழகான அலாயை விட்டுவிட்டு, ஐந்தே அகலமான கம்பிகள் உள்ள சாதாரண ரிம்மை வாங்கினேன். கை முழுசாக உள்ளே போகிறது.